பழைய ஸ்டீரியோ ஆம்ப்பும் ஹெட்ஃபோனும்: அடிக்கடி கேக்கப்படுற கேள்விகள்

கைக்குள்ள அடங்குற ஹெட்ஃபோன் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) எல்லாம் வந்தாச்சு, இப்ப போய் எதுக்கு பதினஞ்சு கிலோ பெட்டிய தூக்கிட்டு வரணும்?

கட்டாயம் ஒண்ணும் இல்ல. இரைச்சல் ஒரு பொட்டு கூட இருக்கக்கூடாது, அளந்து பாத்தா கோடு போட்ட மாதிரி இருக்கணும்னா இப்ப வர்ற சின்ன டப்பாவே போதும், இதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. பழசுல கிடைக்கறது வேற. பாஸ், ட்ரெபிள், லவுட்னஸ், மோனோன்னு கைக்கு எட்டற தூரத்துல எல்லாம் இருக்கும், அதே பெட்டி ஸ்பீக்கரையும் ஓட்டும், மூடிய கழட்டினா ஒவ்வொரு பார்ட்டும் கால் முளைச்சு கண்ணுக்குத் தெரியும். கெட்டுப்போனா கண்டுபிடிச்சு மாத்தலாம். நாப்பது அம்பது வருஷம் கழிச்சும் அதை உயிரோட வச்சிருக்கறது அந்த அமைப்புதான். ஆனா பேரைப் பாத்து மயங்கி வாங்கிட்டு, வந்த அன்னிக்கே சால்டரிங் அயர்னை சூடு பண்றவங்க நிறைய பேர் கையைச் சுட்டுக்கறாங்க (நானும்தான், கீழ வரும்).

விண்டேஜ்னா எந்த வருஷத்துல இருந்து? எதுல ஆரம்பிக்கலாம்?

கறாரா ஒரு கோடு கிடையாது. 50கள், 60கள்ல வால்வு (டிரான்சிஸ்டருக்கு முன்னாடி இருந்த கண்ணாடிக் குழல்) செட்டுதான் ராஜா, டேவிட் ஹாஃப்லரோட டைனகோ ஸ்டீரியோ 70 எல்லாம் 1959ல வந்தது. அழகுதான், ஆனா உள்ள 400 வோல்ட்டுக்கு மேல ஓடும், முதல் பெட்டியா அதைத் தொடாதீங்க. அப்புறம் டிரான்சிஸ்டர் வந்துச்சு, 1967ல வந்த குவாட் 303 மாதிரி செட்டு இன்னிக்கும் ஓடிட்டு இருக்கு. 70கள்ல மராண்ட்ஸ், பயனியர், சன்சூயி, கென்வுட், யமஹா எல்லாம் வாட்ஸ்ல ஒருத்தரை ஒருத்தர் முந்தப் பாத்தாங்க, பயனியர் எஸ்எக்ஸ்-1250 1976ல சேனலுக்கு 160 வாட், ரெண்டே வருஷத்துல எஸ்எக்ஸ்-1980 வந்து 270 வாட், எடை 35 கிலோ சொச்சம். இதுக்கெல்லாம் முன்னாடியே 1974ல அமெரிக்க வர்த்தக ஆணையம் ஒரு விதி கொண்டு வந்துச்சு: வாட்ஸ்னு விளம்பரத்துல போடணும்னா, ஆம்ப்பை முதல்ல மூணுல ஒரு பங்கு பவர்ல ஒரு மணி நேரம் ஓட்டி சூடாக்கிட்டு, தொடர்ந்து எவ்வளவு குடுக்க முடியும்னு அளந்துதான் போடணும். அதுக்கு முன்னாடி போட்டதெல்லாம் வாய்க்கு வந்த கணக்கு. அந்த சோதனைல தாக்குப்பிடிக்கணும்னா பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட்சிங்க்கும் வேணும், அந்த காலத்து செட்டு அவ்வளவு கனமா இருக்க அதுவும் ஒரு காரணம்.

என் கருத்து: 70களோட கடைசியில வந்த, 25ல இருந்து 60 வாட் வரைக்கும் உள்ள, ரேடியோ இல்லாத இன்டக்ரேட்டட் ஆம்ப்ல (ப்ரீஆம்ப்பும் பவர் ஆம்ப்பும் ஒரே பெட்டியில) ஆரம்பிங்க. ரிசீவர்னா ட்யூனர், டயல் நூல், பல்புன்னு கெட்டுப்போக இன்னும் பத்து விஷயம் கூட வரும். 1978ல வந்த நாட் 3020 வெறும் 20 வாட்தான், அதை வச்சே உலகம் பூரா எத்தனை பேர் சந்தோஷமா கேட்டாங்க. ஹெட்ஃபோனுக்கு 270 வாட்டை வச்சுக்கிட்டு என்ன பண்றது, எலி பிடிக்க யானையா?

ஹெட்ஃபோன் ஓட்டைக்குப் பின்னாடி தனி ஆம்ப் இருக்கா?

பெரும்பாலும் இல்ல, விஷயமே இங்கதான் இருக்கு, கொஞ்சம் நிதானமா படிங்க. ஸ்பீக்கருக்குப் போற அதே அவுட்புட்ல இருந்து பக்கத்துக்கு ஒரு ரெசிஸ்டர் வழியா ஜாக்குக்கு கொண்டு போயிருப்பாங்க, அவ்வளவுதான். அந்த ரெசிஸ்டர் 100 ஓம்ல இருந்து 470 ஓம் வரைக்கும் எதுவா வேணா இருக்கும், செட்டுக்கு செட்டு மாறும், சர்க்யூட் படத்துல ஜாக் பக்கத்துலயே போட்டிருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். சேனலுக்கு 50 வாட் ஆம்ப், 8 ஓம்ல 20 வோல்ட் குடுக்கும். நடுவுல 330 ஓம் ரெசிஸ்டர். 32 ஓம் ஹெட்ஃபோன் மாட்டினா அதுக்குக் கிடைக்கறது ஒண்ணே முக்கால் வோல்ட் சொச்சம், அதாவது கிட்டத்தட்ட 100 மில்லிவாட். 300 ஓம் மாட்டினா ஒம்பதரை வோல்ட், 300 மில்லிவாட். 600 ஓம் மாட்டினா பதிமூணு வோல்ட் கிட்ட, 280 மில்லிவாட்டுக்கு பக்கம். எதை மாட்டினாலும் தேவைக்கு மேலயே கிடைக்குது பாருங்க, எதுவும் உடனே எரிஞ்சும் போகாது. ஒத்த ரெசிஸ்டரை வச்சு எல்லா ஹெட்ஃபோனையும் சமாளிச்சிருக்காங்க. சும்மா பேருக்கு ஒரு ஜாக் வச்சாங்கன்னு சிலர் சொல்றதை நான் ஒத்துக்கமாட்டேன், இது யோசிச்சு செஞ்ச வேலை.

இன்னொரு லாபமும் உண்டு, பழைய ஆம்ப்போட இயல்பான இரைச்சலையும் அந்த ரெசிஸ்டர் அமுக்கிடும், மேல சொன்ன 32 ஓம் கணக்குல 21 டெசிபல் குறையுது.

அப்ப அந்த ரெசிஸ்டரால கெடுதலே இல்லையா?

இருக்கு. ஹெட்ஃபோனோட ஓம்ஸ் எல்லா சுருதிக்கும் ஒண்ணா இருக்காது. 1997ல வந்த சென்ஹைசர் ஹெச்டி 600ஐ எடுத்துக்கோங்க, பேரு 300 ஓம், ஆனா 100 ஹெர்ட்ஸ் பக்கத்துல 500ஐத் தாண்டிடும். நடுவுல 330 ஓம் இருந்தா ஓம்ஸ் ஏறுற இடத்துல வோல்டேஜும் ஏறும், கணக்குப்படி ஒரு 2 டெசிபல் பாஸ் தூக்கும். அந்த ஹெட்ஃபோனுக்கு இது நல்லாவே இருக்கு, மிருதங்கத்தோட தொப்பி பக்கம் கொஞ்சம் சதை வச்ச மாதிரி கேக்கும். "பழைய ஆம்ப்னா வார்ம் சவுண்ட்"னு சொல்றாங்களே, அதுல பாதி இந்த ரெசிஸ்டர் பண்ற வேலைன்னுதான் நான் நினைக்கறேன். ஆனா ஓம்ஸ் கம்மியா உள்ள சாதா ஹெட்ஃபோன்ல அதே தூக்கல் கொழகொழன்னு ஆகிடும், அடி விழுந்தா டக்குனு நிக்காம இழுத்துக்கிட்டே போகும்.

சரி, எந்த ஹெட்ஃபோன் பொருந்தும்?

ரெண்டு வகை. ஒண்ணு, ஓம்ஸ் அதிகமானது: சென்ஹைசர் ஹெச்டி 600, 2003ல வந்த ஹெச்டி 650, பேயர்டைனமிக் டிடி 880ல 250 ஓம் இல்ல 600 ஓம், ஏகேஜி கே240ல பழைய 600 ஓம் மாடல். இதெல்லாம் போன்ல மாட்டினா முனகும், பழைய ஆம்ப்ல மாட்டினா எழுந்து உக்காரும். ரெண்டாவது, பிளானார் வகை (தட்டையான மெல்லிசு படலம் முழுசா அதிர்ந்து சத்தம் போடறது). அதுல ஓம்ஸ் எல்லா சுருதிக்கும் கிட்டத்தட்ட ஒரே கோடா இருக்கும், அதனால நடுவுல எவ்வளவு பெரிய ரெசிஸ்டர் இருந்தாலும் சத்தம் மட்டும்தான் குறையும், சமநிலை மாறாது. யமஹா 1976ல விட்ட ஹெச்பி-1 அந்த வகைதான், 150 ஓம், அதே காலத்து ஆம்ப்போட கைகோத்துப் போகும். ஃபோஸ்டெக்ஸ் டி50ஆர்பி 50 ஓம்தான், ஆனா அதுவும் பிளானார், தாராளமா மாட்டலாம்.

காதுக்குள்ள செருகுற இயர்போன்?

வேண்டாம். பல டிரைவர் உள்ளதுல ஓம்ஸ் மேலயும் கீழயும் குதிக்கும், சத்தத்தோட நிறமே மாறிடும், போதாததுக்கு வால்யூம் குமிழை ஒரு நூல் திருப்பினாலே காதைப் பிளக்கும்.

ஸ்பீக்கர் டெர்மினல்லயே நேரா ஹெட்ஃபோனை மாட்டறாங்களே?

மாட்டறாங்க, ஹைஃபைமேன் ஹெச்இ-6 மாதிரி சோம்பேறி ஹெட்ஃபோனுக்கு (83.5 டெசிபல்தான் அதோட சென்சிட்டிவிட்டி) அது நியாயம்தான். சாதா ஹெட்ஃபோனுக்குப் பண்ணாதீங்க, வால்யூம்ல கை தவறினா காயில் கருகிடும். அப்புறம் முக்கியமா ஒண்ணு, மூணு கம்பி உள்ள சாதா ஹெட்ஃபோன் ஜாக்குல ரெண்டு பக்கத்து கிரவுண்டும் ஒண்ணா சேந்திருக்கும். சில ஆம்ப்ல கருப்பு டெர்மினல் கிரவுண்டே கிடையாது, அதுலயும் சிக்னல் ஓடும். அப்படிப்பட்ட செட்டுல ரெண்டு கருப்பையும் சேத்தா அவுட்புட் டிரான்சிஸ்டர் போச்சு. வால்வு ஆம்ப்ல இதுக்கு நேர் எதிர் பிரச்சினை: லோடே இல்லாம ஓட்டினா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அடிவாங்கும். வால்வு செட்டுல ஸ்பீக்கரைக் கழட்டிட்டு ஹெட்ஃபோன் மட்டும் கேக்கணும்னா, அந்த நேரத்துக்கு டம்மி லோடு (ஸ்பீக்கருக்குப் பதிலா நிக்கற ரெசிஸ்டர்) உள்ள இருக்கான்னு சர்க்யூட் படத்தைப் பாத்துட்டு பண்ணுங்க.

வாங்கப் போற இடத்துல எதை எதைப் பாக்கணும்?

மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கற மாதிரி பாக்கணும், வெக்கப்படக்கூடாது. கூட ஒரு மலிவான ஹெட்ஃபோன், ஒரு போன், ஆக்ஸ்ல மாட்ட ஒரு ஒயர், 6.35 மில்லிமீட்டர் மாத்து ஜாக், முடிஞ்சா ஒரு மல்டிமீட்டர். நல்ல ஹெட்ஃபோனை எடுத்துட்டுப் போகாதீங்க. உள்ள அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட்டாகி இருந்தா 40 வோல்ட் டிசி நேரா ஜாக்குக்கு வரும், 330 ஓம் நடுவுல இருந்தாலும் 100 மில்லிஆம்பியருக்கு மேல காயில்ல ஓடும். ஸ்பீக்கரைக் காப்பாத்த ரிலே (தானா இணைக்கற, வெட்டற சுவிட்ச்) இருக்கும்னு நம்பிக்கை வைக்காதீங்க, சில செட்டுல ஹெட்ஃபோன் லைனை ரிலேக்கு முன்னாடியே எடுத்திருப்பாங்க.

போட்டதும் ஒரு அஞ்சாறு செகண்ட் கழிச்சு ரிலே "டிக்"னு அடிக்கணும் (ரிலே உள்ள செட்டா இருந்தா). அடிக்கலைன்னா உள்ள எங்கயோ டிசி நிக்குது, இல்ல பாதுகாப்பு சர்க்யூட்டே போயிருக்கு. அடுத்து வால்யூமை சுத்தமா குறைச்சுட்டு கேளுங்க: ஹம் வந்தா ஃபில்டர் கண்டென்சர் மேல சந்தேகம், அடுப்புல பொரியற மாதிரி விட்டு விட்டு சத்தம் வந்தா ஏதோ ஒரு டிரான்சிஸ்டர் சாகப் போகுது. எல்லா குமிழையும் எல்லா சுவிட்சையும் திருப்பிப் பாருங்க. அரை மணி நேரம் ஓட விட்டு ஹீட்சிங்க்கைத் தொட்டுப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே சூடா இருக்கணும். ஒரு பக்கம் கொதிச்சு ஒரு பக்கம் ஜில்லுனு இருந்தா பயாஸ் (சும்மா இருக்கறப்ப ஓடுற கரண்ட், கீழ வரும்) கோளாறு.

ஸ்க்ரூவோட தலையையும் பாருங்க, இதை யாரும் சொல்லமாட்டாங்க. தலை தேஞ்சு வழுக்கிப் போயிருந்தா ஏற்கனவே பல கை உள்ள போய் வந்திருக்கு. தூசி அப்படியே படிஞ்சு, யாரும் தொடாத செட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

"ஃபுல்லா சர்வீஸ் பண்ணது, ரீகேப் (பழைய கண்டென்சரை மாத்தறது) பண்ணது"ன்னு விலை ஏத்தி சொல்றாங்க, நம்பலாமா?

என்ன மாத்தினீங்க, கழட்டின பழைய பார்ட் இருக்கா, உள்ள எடுத்த போட்டோ இருக்கா, பயாஸும் ஆஃப்செட்டும் (ரெண்டும் என்னன்னு கீழ வரும்) எவ்வளவு வச்சீங்கன்னு கேளுங்க. உண்மையிலேயே வேலை பாத்தவர் சந்தோஷமா அரை மணி நேரம் பேசுவார், துடைச்சு மட்டும் வச்சவர் பேச்சை மாத்துவார்.

வேற நாட்டுல இருந்து வந்த செட்டு, வோல்டேஜ் பிரச்சினை வருமா?

வரும். ஜப்பான் உள்நாட்டு செட்டு 100 வோல்ட், அமெரிக்காவுக்குப் போனது 120, மத்த பல இடத்துக்கு 220ல இருந்து 240. சில செட்டுல பின்னாடி வோல்டேஜ் மாத்தற செலக்டர் இருக்கும், போட்டோல அது தெரியுதான்னு பாருங்க. 100 வோல்ட் செட்டுன்னா ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கணும், அது தனி கனம் தனி செலவு. வெளியூர்ல இருந்து வரவழைக்கறதுல பேக்கிங், கூலி, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் சேத்து சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு ஆகிடும், அதனால பக்கத்துல கிடைக்கற சுமாரான மாடல் தூரத்துல இருக்கற சூப்பர் மாடலை விட பல சமயம் நல்ல வாங்கல்.

வீட்டுக்கு வந்தாச்சு, பிளக்குல போட்டுடலாமா?

ஓடிக்கிட்டு இருந்ததை நேர்ல கேட்டு வாங்கினா போடலாம். பரண்ல பல வருஷம் கிடந்ததுன்னா சீரியல் பல்பு வழியா போடுங்க. பெரிய வேலை இல்ல, மெயின் லைன்ல ஒரு 60 இல்ல 100 வாட் குண்டு பல்பை வரிசையில சேக்கணும், எல்ஈடி ஆகாது, இழை உள்ள பழைய பல்புதான் வேணும். போட்டதும் பல்பு ஒரு நொடி பளிச்சுனு எரிஞ்சு மங்கிட்டா நல்ல சகுனம், கண்டென்சர் நிரம்பிடுச்சுன்னு அர்த்தம். முழு வெளிச்சத்துலயே நின்னா உள்ள ஷார்ட், உடனே அணைங்க. கரண்டை பல்பு தின்னுடறதால ஆம்ப்புக்குள்ள இருக்கற நல்ல பார்ட் பிழைச்சுக்கும்.

ஒரு பக்கம் சத்தம் வரல, இல்ல சத்தமே வரல. டிரான்சிஸ்டர் போச்சா?

அவசரப்படாதீங்க. என்னோட ரெண்டாவது ஆம்ப் "டெட் செட்டு"ன்னு சொல்லி எனக்கு வந்தது. மூடியக் கழட்டி, டார்ச் அடிச்சு, மீட்டர் வச்சு ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஒவ்வொரு டிரான்சிஸ்டரா பாத்துட்டு இருந்தேன், எல்லாம் நல்லா இருக்கு, சத்தம் மட்டும் இல்ல. கடைசியில வெறுத்துப்போய் மூடிய மாட்டிட்டு முன் பேனலைத் துடைக்கறப்ப துணி பட்டு டேப் மானிட்டர் சுவிட்ச் மேல வந்துச்சு, பாட்டு பாட ஆரம்பிச்சிருச்சு! அந்த சுவிட்ச் உள்ள இருந்தா ஆம்ப் டேப் டெக்ல இருந்து சத்தத்தை எதிர்பாத்துட்டு இருக்கும், டெக்கே இல்லைன்னா எங்க இருந்து வரும்?

அதனால முதல்ல டேப் மானிட்டர். அப்புறம் பின்னாடி "ப்ரீ அவுட்", "மெயின் இன்"னு ரெண்டு ஜோடி இருந்தா அதுக்கு நடுவுல ஒரு உலோகக் கம்பி ஜம்பர் இருக்கணும், தொலைஞ்சிருந்தா சத்தமே வராது, ஒரு சின்ன ஆர்சிஏ ஒயர் போட்டா சரி. பேலன்ஸ் குமிழ் நடுவுல இருக்கா? பிறகு ஒவ்வொரு சுவிட்சையும் கரண்ட் இல்லாம முப்பது நாப்பது தடவை தட்டித் தட்டி விடுங்க, துரு கொஞ்சம் உதிரும். வால்யூமை ஏத்தினா திடீர்னு அந்த பக்கம் உயிர் வந்துடுது, குறைச்சா போயிடுதுன்னா ஸ்பீக்கர் ரிலேயோட காண்டாக்ட் கறுத்துப் போயிருக்கு, ரிலேயை மாத்தறதுதான் நிரந்தர வழி.

குமிழைத் திருப்பினா கரகரங்குது, என்ன அடிக்கலாம்?

டபிள்யூடி-40 அடிக்காதீங்க. கதவு கீலுக்கு அடிக்கறது வேற, இது வேற. காண்டாக்ட் கிளீனர்னே விக்கறது இருக்கு, டிஆக்ஸிட் டி5 சுவிட்சுக்கு, அதே கம்பெனியோட ஃபேடர் வகை எஃப்5 குமிழுக்கு. முன்பக்கத்துல இருந்து தண்டு வழியா அடிச்சா பிரயோஜனம் இல்ல, தண்டுல இருக்கற கிரீஸ்தான் கரைஞ்சு குமிழ் லொடலொடன்னு ஆகும். மூடியக் கழட்டி, குமிழுக்குப் பின்னாடி இருக்கற பொட்டென்ஷியோமீட்டரோட உலோக டப்பால கால்கள் வெளிய வர்ற இடத்துல சின்ன இடைவெளி தெரியும், அதுக்குள்ள ஸ்ட்ரா முனைய வச்சு ஒரே ஒரு தடவை, அரை நொடி. உடனே இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் முப்பது தடவை திருப்புங்க. சில சமயம் பழுப்பு கலர்ல அழுக்குத் தண்ணி வடியும், பாக்கவே ஒரு திருப்தி! காயற வரைக்கும் சில மணி நேரம் கரண்ட் குடுக்காதீங்க. பத்துல ஏழு "ரிப்பேர்" செட்டு என் கையில இதோடயே சரியாயிருக்கு.

கண்டென்சர் எல்லாத்தையும் மாத்திடணுமா?

ரெண்டு கட்சி இருக்கு. கண்ணை மூடிட்டு எல்லாத்தையும் மாத்துங்கிறது ஒண்ணு, கெட்டதை மட்டும் மாத்துங்கிறது இன்னொண்ணு. நான் ரெண்டாவது கட்சி. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையா, நூறு பார்ட்டை மாத்தினா நூறு இடத்துல தப்பு பண்ண வாய்ப்பு, பழைய போர்டுல செப்புத் தடமே சூட்டுல பேத்துக்கிட்டு வரும். காஞ்சு போறது எலக்ட்ரோலிட்டிக் வகைதான். ஃபிலிம், செராமிக் பெரும்பாலும் கெடாது, தொடாதீங்க. பவர் சப்ளைல இருக்கற சின்ன எலக்ட்ரோலிட்டிக், சூடான ரெசிஸ்டருக்குப் பக்கத்துல நிக்கறது, உப்பினது, கசிஞ்சது இதெல்லாம் முதல் வரிசை. பெரிய ஃபில்டர் கண்டென்சர் ஹம் இல்லாம இருந்தா இருக்கட்டுமே.

மாத்தறப்ப மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்டேஜ் அதே இல்ல அதுக்கு மேல, 105 டிகிரி வகை. பிளஸ் மைனஸைப் பாத்து வைங்க, தலைகீழா வச்சா வெடிக்கும். ஒரு பக்கத்துல ஒண்ணைக் கழட்டி, புதுசை வச்சு, ஓட்டிப் பாத்துட்டு அடுத்ததுக்குப் போங்க. மொத்தமா பிடுங்கிப் போட்டுட்டு அப்புறம் எது எங்கன்னு முழிக்காதீங்க.

ரெண்டு விஷயத்தை மட்டும் நல்லா இருந்தாலும் விடாதீங்க. ஒண்ணு, பவர் சுவிட்ச் குறுக்க இருக்கற ஸ்பார்க் அடக்குற கண்டென்சர், அது நேரா மெயின்ல நிக்கறது, எக்ஸ்2 முத்திரை உள்ளதா மாத்துங்க. ஐரோப்பிய செட்டுல ரிஃபா பேப்பர் கண்டென்சர் கண்ணாடி மாதிரி உடம்போட விரிசல் விட்டு இருக்கும், ஒருநாள் குப்புன்னு புகை விடும், அந்த நாத்தம் வீட்டை விட்டுப் போக நாலு நாள் ஆகும். ரெண்டாவது, பெரிய கண்டென்சர் ஆடாம இருக்க அடியில பூசின பசை. புதுசுல வெளிர் மஞ்சளா இருந்தது சூட்டுல பழுப்பாகி, கரண்ட் கடத்த ஆரம்பிச்சு, பக்கத்து பார்ட்டோட காலை அரிச்சிடும், சன்சூயி செட்டுல இது ரொம்ப பிரசித்தம். மரக்குச்சியால பொறுமையா சுரண்டி எடுங்க.

பயாஸ், டிசி ஆஃப்செட்னு பயமுறுத்தறாங்களே?

பயப்பட வேண்டியது அளவைப் பாத்து இல்ல, மீட்டர் குச்சியப் பாத்து. ஆஃப்செட்னா பாட்டு இல்லாதப்ப ஸ்பீக்கர் டெர்மினல்ல நிக்கற டிசி. மீட்டரை மில்லிவோல்ட்ல வச்சு அளங்க, 20க்குள்ள இருந்தா அருமை, 50 வரைக்கும் ஓடட்டும், அதுக்கு மேல போனா காரணம் தேடணும். பயாஸ்னா சும்மா இருக்கறப்பவே அவுட்புட் டிரான்சிஸ்டர்ல ஓடுற கரண்ட், கம்மியானா குறைஞ்ச சத்தத்துல கரடுமுரடா கேக்கும், ஹெட்ஃபோன்ல அது பளிச்சுனு தெரியும், ஏன்னா நாம கேக்கறதே அந்த முதல் சில மில்லிவாட்லதான். எமிட்டர் ரெசிஸ்டர் மேல மில்லிவோல்ட் பாத்து வைக்கணும், 0.47 ஓம் மேல 14 மில்லிவோல்ட் வந்தா 30 மில்லிஆம்பியர் ஓடுதுன்னு அர்த்தம், எவ்வளவு வைக்கணும்னு சர்வீஸ் மேனுவல் சொல்லும்.

இங்கதான் நான் கையைச் சுட்டுக்கிட்டது. ரெசிஸ்டர் கால்ல குச்சிய கையால பிடிச்சுட்டு மறு கையால ட்ரிம்மரைத் (பயாஸை ஏத்தி இறக்கற குட்டி திருகு) திருப்பறேன், போன் அடிச்சுது, தலை திரும்புச்சு, குச்சி ஒரு மில்லிமீட்டர் நழுவி பக்கத்து டிரான்சிஸ்டர் காலைத் தொட்டுச்சு. "பட்". ஒரு மைக்ரோ செகண்ட்ல நாலு டிரான்சிஸ்டர் காலி, அதுவரைக்கும் அது நல்லா பாடிக்கிட்டு இருந்த செட்டு. இப்பல்லாம் கொக்கி மாதிரி கவ்வுற கிளிப்பை கரண்ட் இல்லாதப்ப மாட்டிட்டு, அப்புறம்தான் சுவிட்சைப் போடறேன், ஒரு கை சட்டைப் பைக்குள்ளயே இருக்கும். பழைய திறந்த ட்ரிம்மர்ல இன்னொரு ஆபத்து, உள்ள ஊசி தொடர்பு விட்டுட்டா சில சர்க்யூட்ல பயாஸ் எகிறி அவுட்புட்டே எரியும், அதனால மூடின புது ட்ரிம்மர் போடறது நல்ல செலவு.

அந்த காலத்து டிரான்சிஸ்டர் இப்ப கிடைக்குமா?

அதே நம்பர் கிடைச்சா சந்தேகப்படுங்க. நின்னுபோன நம்பர்ல டூப்ளிகேட் குவிஞ்சு கிடக்கு, மேல அச்சு மட்டும் புதுசு, உள்ள ஏதோ ஒண்ணு. இப்பவும் தயாராகுற மாத்து நம்பரா பாத்து, நம்பிக்கையான வினியோகஸ்தர்கிட்ட வாங்குங்க. சின்ன டிரான்சிஸ்டர்ல 2எஸ்சி458ன்னு ஒண்ணு இருக்கு, கால் கறுத்துப்போய் பொரியற சத்தம் போடறதுக்குப் பேர் போனது, அதைக் கண்டா மாத்திடுங்க. சான்யோவோட எஸ்டிகே ஐசி உள்ள செட்டுன்னா ஐசி நல்லா இருந்தா மட்டும் வாங்குங்க, போயிருந்தா அசல் கிடைக்கறது குதிரைக்கொம்பு.

எனக்கு சால்டரிங்கே வராது, நான் வாங்கக் கூடாதா?

தாராளமா வாங்கலாம், சுத்தம் பண்றது மட்டும் நீங்க பண்ணுங்க. ஆனா மூடியக் கழட்டினா ஒரு விஷயம், பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய கண்டென்சர்ல கரண்ட் நிக்கும். ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ணாதீங்க, 1 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் பண்ண ஒயர்ல கட்டி கொஞ்ச நேரம் பிடிச்சு, மீட்டர்ல பூஜ்ஜியம் பாத்துட்டு கை வைங்க. பயாஸ் வேலைய தெரிஞ்சவர்கிட்ட விட்டுடுங்க.

போன்ல இருந்தோ டிஏசில (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலா மாத்துற டப்பா) இருந்தோ குடுத்தா குமிழ் ஒம்பது மணில இருக்கறப்பவே காது கிழியுது, ஒரு பக்கம் சத்தம் கம்மியாவும் இருக்கு?

ரெண்டும் ஒரே வியாதி. அந்த காலத்து ஆக்ஸ் இன்புட்டுக்கு 150 மில்லிவோல்ட் வந்தாலே முழு பவர் குடுத்துடும், இப்ப டிஏசி 2 வோல்ட் தள்ளுது, 22 டெசிபல் அதிகம். அதனால குமிழோட ஆரம்பத்துலயே நிக்கறீங்க, பழைய குமிழ்ல ரெண்டு சேனலும் ஒத்துப்போகாத இடமே அதுதான். டிஏசி பக்கம் வால்யூமைக் குறைங்க, இல்ல ஆர்சிஏல செருகுற அட்டெனுவேட்டர் ஒரு ஜோடி வாங்குங்க, குமிழ் பன்னெண்டு மணிக்கு வந்துடும், ரெண்டு காதும் சமமாயிடும். ஃபோனோ இன்புட்ல மட்டும் குடுத்துடாதீங்க, அது ரெக்கார்ட் பிளேயருக்கு மட்டும்.

லவுட்னஸ், மோனோ இதெல்லாம் அழுத்தலாமா? சுத்தபத்தமா கேக்கறவங்க திட்டறாங்களே?

திட்டட்டும். சத்தம் கம்மியா இருக்கறப்ப நம்ம காதுக்கு பாஸ் சரியா எட்டாது, ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லயே அளந்து சொன்னது, அதுக்காகத்தான் லவுட்னஸ் பட்டன். ராத்திரி மெதுவா கேக்கறப்ப அதை அழுத்திப் பாருங்க, அப்புறம் எடுக்க மனசு வராது. மோனோ சுவிட்ச் ஹெட்ஃபோன்காரங்களுக்கு வரப்பிரசாதம். ஸ்டீரியோ வந்த புதுசுல குரலை ஒரு பக்கமும் வாத்தியத்தை மறு பக்கமும் தூக்கிப் போட்ட ரெக்கார்டிங் நிறைய, ஸ்பீக்கர்ல தெரியாது, ஹெட்ஃபோன்ல ஒரு காதுல மட்டும் யாரோ ஓதற மாதிரி தலைவலி வரும். மோனோ போட்டா பாட்டு நடு மண்டைக்கு வந்து உக்காந்துடும்.

ஹெட்ஃபோன் மாட்டினாலும் ஸ்பீக்கர் பாடுதே?

பல செட்டுல ஜாக் ஸ்பீக்கரைத் தானா வெட்டாது. ஸ்பீக்கர் செலக்டரை ஆஃப்ல வைங்க.

எவ்வளவு நேரம் ஓட்டலாம், எவ்வளவு சத்தம்?

மேல ஒரு சாண் இடம் விட்டு வச்சா நாள் முழுக்க ஓடும், மேல புத்தகம் அடுக்காதீங்க. முதல்ல செட்டைப் போடுங்க, ரிலே அடிச்சதும் ஹெட்ஃபோனை மாட்டுங்க, அணைக்கறப்ப முதல்ல ஹெட்ஃபோனைப் பிடுங்குங்க, போடறப்பவும் அணைக்கறப்பவும் வர்ற "தம்" சத்தம் காதுக்கும் டிரைவருக்கும் ஆகாது. சத்தத்துக்கு, உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். இந்த ஆம்ப் கிட்ட அதை விட எவ்வளவோ மடங்கு சக்தி இருக்கு, பாஸ் திரியாம வர்றதால சத்தம் ஏறினதே தெரியாது, அதனால ஏத்தற கைக்கு நீங்கதான் கணக்கு வச்சுக்கணும்.

முன் பேனலை எதால துடைக்கறது?

லேசா சோப்பு கலந்த தண்ணி, மெல்லிசான துணி. ஸ்பிரிட் போட்டா எழுத்தும் சேந்து வந்துடும். குமிழைக் கழட்டி சோப்புத் தண்ணில ஊறப் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால அந்த வரிவரியான ஓரத்தைத் தேய்ங்க, அம்பது வருஷ விரல் அழுக்கு கரைஞ்சு தண்ணி கறுப்பாகும். காய வச்சு மாட்டறப்ப கோடு மேல பாத்து இருக்கான்னு சரி பாத்துக்கோங்க, நான் ஒரு தடவை வால்யூம் குமிழை கால் சுத்து தள்ளி மாட்டிட்டு ரெண்டு நாள் டிஏசி கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்.